தரிசு என்னும் சொல்

முல்லைத்திணையை நான் 18 ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். கரும்பலகையில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று கட்டங்கள் வரைவேன். நிலம் என்ற இடத்தில் 'காடும் காடு சார்ந்த இடமும்' என்று எழுதுவேன். மாணவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, அப்படியே தேர்வில் எழுதி, உரிய மதிப்பெண்ணைப் பெற்றுச் செல்வர். அந்தக் 'காடு' பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கையில் சற்று வெட்கமாக இருக்கிறது. குற்றாலத்துக்கு மேலே தெரியும் இருண்ட மலைக்காட்டைத்தான் காட்டியிருப்பேன்.

அது பிழையான விடை. அந்தப் பிழை வகுப்பறையோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. அது மண்ணிலும் நிகழ்கிறது. அதில் என் கையும் பட்டிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

முல்லையின் கருப்பொருள்களை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். ஆயர், ஆய்ச்சியர். ஆநிரை. வரகு, சாமை. முயல், மான், கானக்கோழி. கொன்றை, குருந்து, காயா. இவற்றில் எது அடர்ந்த மழைக்காட்டுக்கு உரியது? கதிரவன் தரையைத் தொடாத காட்டில் புல் வளராது. புல் இல்லாத இடத்தில் ஆநிரை மேயாது. வரகும் சாமையும் மானாவாரிச் செம்மண்ணில் விளைபவை. முயல் புதரும் வெளியுமான இடத்தில் வாழ்வது. ஆக, நம் முன்னோர் முல்லை என்று பெயரிட்டு, மாயோனைத் தெய்வமாக்கி, கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் அதற்கு உரிமையாக்கிய நிலம், புல்லும் முள்ளும் இடையிடையே சிறு மரங்களும் கொண்ட திறந்த வெளி. மழை பெய்தால் இரண்டு வாரத்தில் பச்சையாகி, கோடையில் மீண்டும் பழுப்பாகும் வெளி.

இதற்குச் சங்க நூல்களைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் கரிசல் பக்கத்தில் 'காட்டுக்குப் போறேன்' என்று ஒரு சம்சாரி சொன்னால், அவர் போவது வனத்துக்கல்ல. பருத்தியோ சோளமோ நிற்கும் தன் புஞ்சைக்கு. நகரத்துப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாகப் படுகிறது. எனக்கோ, பழைய பொருளொன்று பேச்சில் தப்பிப் பிழைத்திருப்பதாகவே தோன்றுகிறது. தமிழில் காடு என்பது மரங்களின் கூட்டத்தை மட்டும் குறித்த சொல் அன்று.

விலங்குகளின் பெயர்களும் இதையே சொல்கின்றன. முறுக்கிய கொம்புடைய அந்த அழகிய மானுக்கு நம்மிடம் இரலை என்றும் புல்வாய் என்றும் வெளிமான் என்றும் பெயர்கள் உண்டு. புல்வாய் என்ற பெயரில் அதன் உணவு இருக்கிறது. வெளிமான் என்ற பெயரில் அதன் வீடு இருக்கிறது. ஓடித் தப்பிப்பதையே தற்காப்பாகக் கொண்ட விலங்கு அது. தொலைவு தெரியாத இடத்தில் அதனால் வாழ இயலாது. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் அதற்கென ஒரு சரணாலயம் இருக்கிறது. சென்னை நடுவே, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டியிலும் அது எஞ்சியிருக்கிறது. அங்கும் அதைப் பார்க்க விரும்புபவர் மரச்செறிவுக்குள் தேடக்கூடாது. எஞ்சியிருக்கும் புல்தரையில் தேட வேண்டும்.

*

இந்த நிலத்துக்கு நாம் இன்று வைத்திருக்கும் பெயர் என்ன? தரிசு.

இந்தச் சொல் நம் காலத்தில் புழங்கும் விதம் வருவாய்த்துறைப் பதிவேடுகளிலிருந்து வந்தது. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு', 'மேய்க்கால் புறம்போக்கு' என்ற தொடர்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறையேனும் சென்றவர்கள் கேட்டிருப்பார்கள். ஒரு நிலம் அரசுக்கு என்ன தருகிறது என்பது மட்டுமே இங்கே கேள்வி. வரி தராத நிலம் பயனற்ற நிலம். பயனற்ற நிலம் வெறுமையான நிலம். காலனிய ஆட்சியில் வேரூன்றிய இந்தப் பார்வையை விடுதலைக்குப் பின்னும் நாம் கைவிடவில்லை. மத்திய அரசின் நிலவளத் துறை 2000ஆம் ஆண்டு முதல் நாட்டின் தரிசு நிலங்களுக்கு வரைபடத் தொகுதிகள் வெளியிட்டு வருகிறது. 2019இலும் ஒன்று வந்தது. அதில் தரிசு என்று வகைப்படுத்தப்பட்டவற்றுள் புதர்நிலம் உண்டு, மேய்ச்சல் தரை உண்டு, நீர் தேங்கும் சதுப்பு உண்டு, பாறைவெளி உண்டு, மணல்வெளி உண்டு. பனி மூடிய இமயத்துச் சிகரப் பகுதிகளும் உண்டு! கங்கைக்கு நீர் கொடுக்கும் பனிப்பரப்பைத் தரிசு என்று எழுதும் கைக்கு, கோவில்பட்டிப் பக்கத்து மேய்க்கால் எம்மாத்திரம்?

பெயர் வைத்த பிறகு மற்றவை தாமே நடக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பயனற்றது என்று கருதியதால்தான் அதில் மாநகரின் குப்பையைக் கொட்டினோம், கட்டடங்கள் எழுப்பினோம். எஞ்சிய பகுதி 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் அதன் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

நீலகிரியில் நடந்தது இன்னும் நுட்பமான அழிவு. அங்கே உயர்ந்த மலைமடிப்புகளில் சோலைக்காடும், மேடுகளில் புல்வெளியுமாக ஒரு நிலம் இருந்தது. புல்வெளியைக் கண்ட ஆங்கிலேயருக்கு அது மரம் இல்லாத குறையாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பிறகு நாமும் விறகுக்காகவும் ஆலைகளுக்காகவும் அவற்றைப் பெருக்கினோம். மழையை வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஓடைகளுக்கு விடுகிற அமைப்பு, சோலையும் புல்லும் சேர்ந்தது. அதில் ஒரு பாதியை மரம் என்ற நன்மையின் பெயராலேயே அழித்தோம். சீகை இன்று நட்ட இடத்தில் நிற்காமல் தானே பரவிக்கொண்டிருக்கிறது. நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது அந்தப் புல்லைத்தான். தமிழர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நீலக்குறிஞ்சியும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 2006இலும் 2018இலும் பூத்ததுபோல 2030இலும் பூக்க வேண்டுமானால், அதற்குத் திறந்த மலைச்சரிவு வேண்டும். குறிஞ்சித்திணைக்குப் பெயர் தந்த பூவே புல்வெளியின் பூ என்பதை எத்தனை தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்கிறோம்?

*

என் கதைக்கு வருகிறேன்.

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம். அப்போது நான் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி, கல்லூரியின் பின்புறம் இருந்த நாலு ஏக்கர் வெளியில் 300 மரக்கன்றுகள் நடுவது என்று முடிவாயிற்று. ஆவாரையும் இலந்தையும் சூரைமுள்ளும், மழைக்குப் பின் கொழுக்கட்டைப்புல்லும் மயில்கொண்டைப்புல்லுமாக இருந்த இடம். இந்தப் பெயர்கள் எல்லாம் எனக்குப் பின்னர் தெரிந்தவை. அன்று எனக்கு அது தரிசு. ஜேசிபி வைத்துக் குழி எடுத்தோம். வரவேற்புரையில், வெற்று நிலத்தைச் சோலையாக்குவோம் என்று பேசினேன். நல்ல கைதட்டல்.

அந்த வெளியில் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு ஆடுகளை மேய்க்கும் ஒரு பாட்டி, இயந்திரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் வந்து, "ஏன் சார், ஆடு மேயிற காட்டுல போயி குழி வெட்டுறீக?" என்றார். "சும்மா கிடக்கிற தரிசுதானே பாட்டி, மரம் வந்தா உங்களுக்கும் நிழல்" என்றேன். "தரிசா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கல்லூரியில் படித்த எவரும் அந்த ஒற்றைச் சொல்லை அப்படிக் கேள்வியாக்கியதை நான் கேட்டதில்லை.

காலையிலிருந்தே இரண்டு ஆட்காட்டிகள் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தன. ஆள் நடமாட்டம் கண்டால் கத்துவது அப்பறவையின் இயல்பு, பெயரே அதனால்தான் என்று மாணவரிடம் விளக்கம்கூடச் சொன்னேன். நண்பகலில் முதலாமாண்டு மாணவி ஒருத்தி ஒரு குழியின் ஓரத்தில் கிடந்த மண்ணைக் காட்டினாள். பரல்கற்களைப் போன்ற நிறத்தில் முட்டைகள். ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழிவில் முட்டையிடும். மூன்று உடைந்திருந்தன. ஒன்று முழுதாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

கன்றுகளில் பெரும்பாலானவை அடுத்த கோடையைத் தாண்டவில்லை. எங்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆனால் கிளறிப் போட்ட மண்ணில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே, சீமைக்கருவேலம் வந்தது. மூன்றே ஆண்டுகளில் உள்ளே நடக்க முடியாத முட்புதராயிற்று. புல் போயிற்று, ஆடுகள் வருவது நின்றது. ஆட்காட்டிக் குரலும் அங்கே கேட்பதில்லை. விழாப் படங்கள் மட்டும் கல்லூரி ஆண்டு மலரில் இருக்கின்றன. நாலு ஏக்கரில் ஒரு மூலை, ஏறத்தாழ ஒரு ஏக்கர், அன்று ஜேசிபிக்கு நேரம் போதாமையால் தப்பித்தது.

*

மரம் நடுவது தீது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். சாலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் பள்ளிக்கூடத்திலும் வெட்டித் தீர்த்த காட்டிலும் மரம் வேண்டும். நான் மறுப்பது, எங்கும் மரமே நன்மை, மரமில்லாத இடம் குறை என்ற எளிய சமன்பாட்டை. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை, நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடும் மரங்களுமாக வேண்டும் என்றது. 2022இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழகம் இயக்கமும் 33 விழுக்காட்டையே இலக்காகக் கொண்டிருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் வனப்பரப்பை எப்படி அளக்கிறார்கள்? ஒரு ஹெக்டேர் நிலத்தில் மரக்கிளைகளின் நிழல் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது கணக்கில் சேரும். தைலமரத் தோப்பும் சேரும். வெளிமான் மேயும் புல்வெளி சேராது. கணக்கில் சேராததைக் கணக்கில் சேர்க்க எளிய வழி, அதில் குழி தோண்டுவது. அப்போது இலக்கு நிறைவேறும், முல்லை அழியும்.

இதன் விலை என்ன என்பதற்கு நாடு தழுவிய சான்று உண்டு. விடுதலைக்குப் பின் இந்தியா முற்றாக இழந்த பெரிய பாலூட்டி ஒன்றே ஒன்று: சிவிங்கிப்புலி. 1952இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து குனோவில் விட வேண்டியிருந்தது. அது அடர்காட்டு விலங்கு அன்று. திறந்த வெளியில் ஓடி இரை பிடிப்பது.

அடுத்து நிற்பது கானமயில். ஔவையின் மூதுரையில் வரும் கானமயிலுக்குக் காட்டு மயில் என்று பொருள் சொல்கிறோம்; அதில் எனக்குப் பிணக்கில்லை. இன்றைய தமிழ்ப் பறவை நூல்களில் அப்பெயர் வேறொரு பறவையைக் குறிக்கிறது. மனிதனின் இடுப்புயரம் நிற்கும், பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்றான, வறண்ட புல்வெளிகளின் பறவை அது. ஒரு காலத்தில் தமிழகத்து வெளிகள் வரை பரவியிருந்தது. சாலிம் அலி இதனை தேசியப் பறவையாக்க வேண்டும் என்றார். 1963இல் அந்த இடம் மயிலுக்குச் சென்றது. இப்போது 200க்கும் குறைவாக, பெரும்பாலும் ராஜஸ்தானத்தின் தார்ப் பகுதியில் எஞ்சியிருக்கிறது. எதிரே இருக்கும் மின்கம்பியைச் சரியாகக் காணமுடியாத பார்வை அமைப்பு அதற்கு. 'பயனற்ற' வெளிகளில் நாம் அமைத்த சூரிய ஒளி, காற்றாலை மின்பாதைகளில் மோதி அது சாகிறது. உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கம்பிகளைப் புதைக்க ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தி வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. புகையில்லாத மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 'அங்கே என்ன இருக்கிறது' என்று முதலில் கேட்காமல், 'அங்கே ஒன்றும் இல்லை' என்று தொடங்குவதைத்தான் குறை சொல்கிறேன்.

இலக்கியம் படித்தவர்களுக்குப் பழையதை எண்ணி ஏங்குவது ஒரு நோய் என்று சிலர் சொல்லக்கூடும். வசதியாக அமர்ந்துகொண்டு ஏழையின் நிலம் அப்படியே கிடக்கட்டும் என்று சொல்கிறாயா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மேய்க்கால் நிலம் போனால் முதலில் வாழ்விழப்பவர் யார்? நான் அன்று அனுப்பிவைத்த பாட்டியைப் போன்றவர்கள்தாம். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகளுக்கும் இடைவழியில் இந்த வெளிகள் வேண்டும். இங்கே முயலின் நலனும் ஆட்டின் நலனும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அளவு மீறிய மேய்ச்சல் புல்லை அழிக்கும் என்பது மெய். மேய்ச்சலே இல்லாமல் பூட்டி வைத்தாலும் புதர் மண்டும் என்பதும் மெய். அந்த அளவு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அப்படியும் சில இடங்களில் மக்கள் தம் நிலத்தைத் தரிசு என்று எழுத விட்டதில்லை. மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அடர்வனம் அல்ல, பாறைக் குன்றுகள், சுனைகள், குளங்கள், குடைவரைக் கோயில், தமிழிக் கல்வெட்டு, வல்லூறுகள். 2024இல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டன; 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் பாறை. அங்கிருப்பவர்களுக்கோ ஒவ்வொரு சுனைக்கும் குன்றுக்கும் ஒரு பெயர். பெயருள்ள இடத்தை வெற்றிடம் என்று எழுதுவது கடினம்.

இங்கேதான் நமக்கு, அதாவது மொழி கற்பிப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் கானுயிர் பற்றி எழுதியவர். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டுப் புறத்துப் பறவையையும் முட்புதரையும் பற்றி எழுதினார். அயல் மரங்களை நட்டு அழகுபடுத்தும் மோகத்தைக் கடிந்தார். அவரை நம் பாடத்திட்டங்களில் நான் அதிகம் கண்டதில்லை. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசலுக்கென்று வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். அந்த உழைப்பை ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையும் தன் ஊரின் புல்லுக்கும் முள்ளுக்கும் பறவைக்கும் செய்யலாம். ஆய்வேட்டுக்குப் பொருள் கிடைக்கவில்லை என்று வருந்தும் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் ஏது?

இந்த ஆண்டும் எங்கள் கல்லூரியில் மரக்கன்று நடும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. இடம்: எஞ்சிய அந்த ஒரு ஏக்கர். கன்றுகளைக் கல்லூரிச் சாலையின் இருபுறமும் நடலாம், அந்த மூலையை அப்படியே விட்டு, பக்கத்துச் சீமைக்கருவேலத்தைச் சிறிது சிறிதாக அகற்றலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரிசாக விடுவதற்கு ஒரு தீர்மானமா என்று உடன் பணிபுரியும் நண்பர் சிரித்தார். முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையில் முதலாமாண்டு மாணவர்களுக்கு முல்லைத்திணை தொடங்க வேண்டியிருக்கிறது. இம்முறை கரும்பலகைக்கு முன் அவர்களை அந்த மூலைக்கு அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன். அந்தப் பாட்டி இப்போது இல்லை; அவர் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புல்லின் பெயர்களை அவர்தான் சொல்ல வேண்டும், எனக்குப் பாதிதான் தெரியும்.